யார் வீட்டுக் கண்ணாடி

கார்த்திகை மாதம். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலை. நான் வேலை பார்த்த முனிசிபல் ஆபீஸ் முற்றத்தில் ஒரு பெண் பனையோலைக் கடகம் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கலாம். கடகத்தின் மேல் ஈரச் சாக்கு கிடந்தது. மீன்காரி என்று நினைத்துச் சேவகன் விரட்டப் போனான்.

“மீன் இல்லை. சில்லு கொண்டாந்திருக்கேன்” என்றாள் அவள்.

சாக்கை விலக்கிக் காட்டினாள். உள்ளே முழுக்கக் கண்ணாடிச் சில்லு. விளக்குச் சிம்னியின் மெல்லிய ஓடுகள், சோடாப் புட்டியின் கனத்த அடிப்பாகம், மருந்துப் புட்டிகளின் நீலமும் பழுப்பும். மண் போகக் கழுவியிருந்தாள். வெயில் பட்டதும் பளபளத்தன. விஷயம் தெரியாதவர்கள் அழகு என்றுகூடச் சொல்லியிருப்பார்கள்.

அந்த ஆபீஸில் நான் சானிட்டரி இன்ஸ்பெக்டர். தெருக்குப்பை என் பொறுப்பு. சேவகன் வந்து என்னைக் கூப்பிட்டான்.

“எங்க வயல்ல பொறுக்கினது ஐயா. ஒங்க வண்டிக் குப்பையில வந்தது. இது யாரு வீட்டுக் கண்ணாடின்னு எனக்குத் தெரியணும்” என்றாள்.

“எதுக்கும்மா?”

“என் தங்கச்சி செத்துட்டா.”

அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. தாசில்தார் கச்சேரி எங்கே இருக்கிறது என்று வழி கேட்பவள்போலக் கேட்டாள்.

அவள் பெயர் மாடத்தி. ஆற்றின் கீழ்ப்புறத்துக் கிராமம் ஒன்றில் அவளும் புருஷனும் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு நிலம் வைத்து விவசாயம் செய்தார்கள். தங்கை பேச்சியும் கூடவே இருந்தாள். பேச்சிக்குக் கல்யாணமாகவில்லை, தை மாதத்தில் செய்வதாகப் பேசி வைத்திருந்தார்கள். பிசானப் போக நடவுக்கு வயலில் எரு போட்டு, தண்ணீர் கட்டி, தொளிச் சேற்றை மிதித்தபோது பேச்சியின் வலது பாதத்தில் கண்ணாடி ஏறியது. மஞ்சளை அரைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வயலில் இறங்கினாள். சில நாளில் தாடை இறுகியது. அப்புறம் உடம்பே வில்லாய் வளைந்தது. பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். வண்டி பாலத்தைத் தாண்டும்போதே உயிர் போய்விட்டது.

ஆபீஸ் எந்த ஊரில் என்று நான் எழுதப் போவதில்லை. தாமிரபரணிக் கரையில் முனிசிபாலிட்டி ஒன்றுக்கு மேல் உண்டு. மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்களின் பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்கள்.

அன்றைய குப்பை

இந்தக் காலத்து வாசகர்களுக்கு அன்றைய குப்பை எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அடுப்புச் சாம்பல், தொழுவத்துச் சாணி, உமி, எச்சில் வாழையிலை, பனங்காய் சூப்பிப் போட்ட கொட்டை. அவ்வளவுதான். கிழிந்த வேட்டி விளக்குத் திரியாகிவிடும். மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் சுமக்கப் போய்விடும், ஓட்டை விழுந்த பிறகு கூரைக்கு ஏறிவிடும். உடைந்த மண்பானை கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆகும். தெருவுக்கு வருவதெல்லாம் மட்கக்கூடிய சாமான். அதை எங்கள் மாட்டுவண்டிகள் அள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கில் கொட்டும். ஆற்றுப்பாசன ஊர்க்காரர்கள் வந்து எருவுக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். சில சமயம் ராதாபுரம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டிலிருந்தும் வண்டி வரும். அங்கே எரு கிடைப்பது தண்ணீர் கிடைப்பதைவிடக் கொஞ்சம்தான் சுலபம்.

திருச்செந்தூர் விசாகத்துக்குப் போகிற வண்டிக்கூட்டம் எங்கள் ஊர் வெளியில் ஒரு ராத்தங்கல் போட்டுவிட்டுப் போகும். மறுநாள் அந்த இடத்தில் இலையும் கரியும் சாணியும் முழங்கால் மட்டுக்குக் கிடக்கும். எருவுக்கு வருகிறவர்களுக்கு அது தீபாவளி. அப்படியே வண்டியை நிறுத்தி வாரிப் போவார்கள். ஊர் கழித்ததை வயல் தின்றது. வயல் கொடுத்ததை ஊர் தின்றது. யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்ததே தற்செயல். எங்கள் குடும்பம் பாளையங்கோட்டை மிஷன் குடும்பம். அப்பா பள்ளிக்கூடத்து வாத்தியார். சென்னைக்குப் போய்ச் சுகாதாரப் பரீட்சை எழுதிவிட்டு வேலை உத்தரவோடு வீட்டுக்கு வந்தபோது, அம்மா அதை வாங்கிப் பார்க்கவில்லை. “வேதபாடமும் இங்கிலீசும் படிச்சது தெருக்கூட்டவா?” என்று மட்டும் கேட்டாள். சைவ வேளாளர் வீட்டுப் பிள்ளைகள் யாரும் அந்த வேலைக்கு மனுப் போடவில்லை. அதனால் போட்டியில்லாமல் எனக்குக் கிடைத்தது. சபையில் எனக்கு அடுத்து உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நாள் தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு பழகிவிட்டது, அவர்களுக்கும் எனக்கும்.

நான் சேர்ந்த ஓரிரு வருஷங்களிலேயே குப்பையின் குணம் மாறத் தொடங்கியது. எண்ணெய் அகல் போய்ச் சிம்னி விளக்கு வந்தது. கடைத்தெருவில் கோலி சோடா வந்தது. இங்கிலீஷ் மருந்துக் கஷாயம் புட்டியில் வந்தது. உடைந்த கண்ணாடியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அது மட்காது, எரியாது, மாடு தின்னாது. ஆகவே எல்லாரும் தெருவில் போட்டார்கள்.

என் மாமா ஒருவர் கொற்கைப் பக்கம் உபதேசியாராக இருந்தார். அங்கே ஏர் உழும்போது பழைய பானையோடுகளும் சங்குத் துண்டுகளும் மேலே வரும். துரைமார் வந்து அவற்றைப் பஞ்சில் பொதிந்து எடுத்துக்கொண்டு போவார்களாம். பாண்டியர்கள் காலத்துக் குப்பை என்று மாமா சொல்வார். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். வரப்பில் வெறுங்காலோடு நடந்தேன். ஓடுகளின் முனையெல்லாம் மழுங்கிப்போயிருந்தது.

வக்கீல் பிள்ளையின் நியாயம்

மாடத்தி வந்த அன்று சேர்மன் ஊரில் இல்லை. ஆனால் கவுன்சிலர் ஒருவர் ஏதோ காரியமாக வந்திருந்தார். அவர் வக்கீல். எல்லாரும் ‘வக்கீல் பிள்ளை’ என்றே சொல்வார்கள். முற்றத்துப் பேச்சு காதில் விழுந்து வெளியே வந்தார். கடகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விஷயத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கெட்ட மனிதர் அல்ல. அவள் சொன்னதைக் கடைசிவரை நின்று கேட்டார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

“இங்க பாரும்மா. குப்பைன்னு சொல்லித்தான் குடுத்தோம், குப்பைன்னு தெரிஞ்சுதான் நீங்க ஏத்திட்டுப் போனிய. அதுல கல்லு கிடக்கும், முள்ளு கிடக்கும். பாத்துப் போடுதது ஒங்க பொறுப்புல்லா?”

“கல்லும் முள்ளும் எங்க காலுக்குத் தெரியும் ஐயா. இது தண்ணிக்குள்ள கிடந்தா தெரிய மாட்டேங்கு.”

“சரி. இந்த ஊருல எத்தனையோ வீடு. எது யாரு போட்டதுன்னு கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. யாரு மேல பிராது குடுப்பே?”

“பிராது குடுக்க வரலை. யாருதுன்னு தெரியணும்.”

“அதைத்தான் தெரியாதுங்கேன்.”

“அப்ப நான் வீடு வீடாக் கேட்டுப் பாக்கேன்” என்று மாடத்தி எழுந்து, சும்மாட்டைத் தலையில் வைத்தாள்.

வக்கீல் பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “வே, நீரும் கூடப் போம். தெருவுல சண்டை கிண்டைன்னு ஆயிரப் போகுது. ரெண்டு வாசல் பாத்தா அவளே அலுத்துப்போய் ஊருக்குப் போயிருவா” என்றார்.

அது உத்தரவா யோசனையா என்று தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

வாசல் வாசலாக

அவள் அலுக்கவில்லை. அன்றும் மறுநாளும் நடந்தாள். ராத்திரி சத்திரத்தில் படுத்தாள். ஒவ்வொரு வாசலிலும் கடகத்தை இறக்கி, சாக்கை எடுத்து, ஒரே கேள்வியைக் கேட்டாள்: “இதுல உங்க வீட்டுது எதும் இருக்கா?”

சோடாக்கடைக்காரர் சோடாப் புட்டியின் அடியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “என் கடையில புட்டி உடைஞ்சா நான் நஷ்டத்துல அழுதுருவேனே. இது வேற கடைப் புட்டி அண்ணாச்சி” என்று என்னிடம் சொன்னார். மருந்துக்கடைக் கம்பவுண்டர், “நாங்க மருந்து குடுக்கதோட சரி. புட்டி வாங்கிட்டுப் போனவுக பாடு” என்றார். ஒரு வீட்டில் தங்கள் விளக்குச் சிம்னி ஒருபோதும் உடைந்ததே இல்லை என்றார்கள். அந்த வீட்டு மாடத்தில் புதுச் சிம்னி போட்ட விளக்கு இருந்தது. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் செம்பு நிறைய மோர் கொடுத்து, விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டி, “பாவம், யாரு வீட்டுதோ” என்றார்கள்.

எங்கேயும் அவள் வாதாடவில்லை. இல்லை என்றால் சாக்கை மூடிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. தினமும் அந்தத் தெருக்களில் வண்டியோடு வருகிறவன் நான். எந்த வாசலில் கண்ணாடி கிடக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். கண்ணாடி கிடக்காத வாசல் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

மத்தியானம் தெப்பக்குளத்து அரசமரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றை அவிழ்த்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

“தெரிஞ்சு என்னம்மா செய்யப் போறே?” என்று கேட்டேன்.

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். “வாயி இறுகுததுக்கு முந்தின நாளு பேச்சி கேட்டா. ‘எந்தச் சிறுக்கி போட்டாளோ, யாருக்கா அது’ன்னா. எனக்கு என்ன தெரியும்? விசாரிச்சிட்டு வந்து சொல்லுதேன்னு சொன்னேன். சும்மா அவ மனசு ஆறட்டும்னு சொன்னது. சொல்லிட்டேன்லா.”



கோமதியம்மாள்

இரண்டாம் நாள் சாயங்காலம் வக்கீல் பிள்ளையின் வீட்டு வாசலுக்கு வந்தோம். அது அவர் வீடு என்று மாடத்திக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. பிள்ளை அப்போதுதான் கோர்ட்டிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றிவிட்டு நடையில் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னுமா சுத்துதிய?” என்றார் என்னிடம். பிறகு மாடத்தியிடம், “நேத்தே சொன்னேன்லா. ஒருத்தரும் ஒத்துக்கிட மாட்டாவ. ஊருக்குப் போ, தாயி” என்றார். குரலில் இரக்கம் இருந்தது.

அவருடைய மனைவி கோமதியம்மாள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்தத் தெருவில் பெரிய வீட்டுப் பெண்கள் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் படி இறங்குவது வழக்கமில்லை. அவள் இறங்கி வந்தாள். கடகத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். சில்லுகளைப் பைய விலக்கிப் பார்த்தாள். நீலக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தாள். மருந்துப் புட்டியின் தோள்பாகம் அது.

“இது நம்ம வீட்டுது” என்றாள்.

பிள்ளை ஒரு படி கீழே இறங்கினார். “என்ன சொல்லுதே? அந்தப் புட்டி ஊரெல்லாம் இருக்கு. அதுல பேரா எழுதியிருக்கு?”

“ஊரெல்லாம் இருக்கும். நம்ம வீட்டுலயும் இருந்துது. ஆவணியில கை தவறி உடைஞ்சுது. நான்தான் கூட்டி வாசல்ல போடச் சொன்னேன்.”

“அதுதான் இதுன்னு எப்படிச் சொல்லுவே?”

“இது இல்லைன்னு நீங்க எப்படிச் சொல்லுவிய?”

வக்கீல் பிள்ளையைக் கோர்ட்டில் நான் பார்த்திருக்கிறேன். அங்கே குரலை உயர்த்தித்தான் பேசுவார். இப்போது தணிந்த குரலில், “இன்ஸ்பெக்டர் பக்கத்துல நிக்காரு. சாட்சி வச்சுக்கிட்டுப் பேசுதே நீ. இது எங்க போய் நிக்கும்னு தெரியுமா?” என்றார்.

“நிக்கட்டும்” என்றாள் கோமதியம்மாள்.

மாடத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அந்த ஒரு வார்த்தைக்கு நடந்தவள். வைவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுகூட நினைத்தேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். அதைத் தடுக்கவும் முடியாது.

“என்ன மருந்தும்மா இது?” என்று கேட்டாள் மாடத்தி.

“பிள்ளைக்குக் காய்ச்சல். முறைக்காய்ச்சல். வைகாசியில இருந்து கிடந்தா.”

“பிள்ளை?”

“இருக்கா.”

கோமதியம்மாள் திரும்பிப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று, காய்ச்சலில் மொட்டையடித்த தலையில் இப்போதுதான் முளைத்த முடியோடு, தாயார் தெருவில் குந்தியிருப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

மாடத்தி அந்தக் குழந்தையை நெடுநேரம் பார்த்தாள். தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். மாடு கடகத்தை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது.

“சரிம்மா” என்றாள் மாடத்தி. சாக்கை எடுத்து மூடினாள். “ஒங்க பேரு என்னன்னு சொல்லுங்க.”

“கோமதி.”

“என் தங்கச்சி பேரு பேச்சி” என்றாள் அவள். கடகத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பாலத்தை நோக்கி நடந்தாள். நீலத் துண்டு கோமதியம்மாள் கையிலேயே இருந்துவிட்டது.

பிள்ளை என்னிடம், “நீரு ஒண்ணும் கேக்கலைல்லா?” என்றார்.

“கேட்டேன்” என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார்.

பானை

வழக்கு ஒன்றும் வரவில்லை. மறுவாரம் காலையில் அந்தத் தெருவில் வண்டி போனபோது, வக்கீல் வீட்டு வாசலில் ஓரமாக ஒரு மண்பானை இருந்தது. உள்ளே உடைந்த கண்ணாடி. கூட்டுகிறவளைக் கூப்பிட்டு, “இதைக் குப்பையோட சேக்காதே, தனியா எடு” என்று கோமதியம்மாள் சொல்லியிருக்கிறாள். கூட்டுகிறவள் மேஸ்திரியிடம் வந்து கேட்டாள். மேஸ்திரி என்னிடம் கேட்டார். “தனியா எடுத்துட்டு எங்கன கொட்ட?” எனக்கும் தெரியவில்லை. கிடங்குக்குப் பக்கத்தில் கிடந்த பாழுங்குழி ஒன்றைக் காட்டினேன்.

அடுத்த கவுன்சில் கூட்டத்தில், கண்ணாடியைத் தனியே வைக்க வேண்டும் என்று தெருத்தெருவாகத் தமுக்கடிக்கத் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் வக்கீல் பிள்ளை. தம் வீட்டுப் பேச்சு எதையும் அவர் அங்கே சொல்லவில்லை. சட்டப்படி ஆபீஸுக்குப் பொறுப்பு இல்லை, இருந்தாலும் முன்ஜாக்கிரதை நல்லது என்று விஸ்தாரமாகப் பேசினார். பேசி முடித்ததும் என் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார்.

தமுக்கு அடித்தோம். ஊர் திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். சிலர் பானை வைத்தார்கள். சிலர் எதிர்வீட்டுப் பானையில் போட்டார்கள். பலர் சாக்கடையில் போட்டார்கள்; அதை நாங்கள் கை விட்டு அள்ள வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் பலருடைய விரல்கள் அந்த வருஷம் கிழிந்தன. குழியில் சேர்ந்த சில்லைக் கொத்தனார்கள் வந்து வாரிக்கொண்டு போய்ப் புதுச் சுற்றுச்சுவர்களின் மேல் சுண்ணாம்பில் பதித்தார்கள். தெருவில் போட்டவர்கள் வீட்டுச் சுவருக்கே சில சில்லுகள் திரும்பிப் போயிருக்கும்.

மாடத்தியின் ஊர்க்காரர்கள் இரண்டு போகம் எங்கள் கிடங்குப் பக்கம் வரவில்லை. ஆட்டுக்கிடை போட்டுப் பார்த்தார்கள். கட்டுப்படியாகாமல் மறுபடியும் வந்தார்கள். வண்டியில் ஏற்றும் முன் பெண்கள் குப்பையைப் பரப்பிக் குச்சியால் கிளறிப் பார்ப்பது அப்போதுதான் வழக்கமானது. முன்னைவிடக் குறைவுதான், ஆனாலும் ஒவ்வொரு வண்டிக்கும் ஏதாவது அகப்பட்டது.

மகாயுத்தம் தொடங்கியிருந்த காலம் என்று நினைக்கிறேன். ஒருநாள் கிடங்கில் மாடத்தியைப் பார்த்தேன். வண்டி போகாத மேட்டு வயலுக்குத் தலைச்சுமையாக எரு எடுத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். மழையைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் கொஞ்சம் பேசினோம். போகிற சமயத்தில், பல நாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

“அந்த நீலத் துண்டுதான் பேச்சி காலுல ஏறினதுன்னு நீ நம்புதியாம்மா?”

மாடத்தி என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

“அது அந்தக் கடகத்துல ஏது ஐயா? காலுக்குள்ள ஒடிஞ்சு நின்னுட்டுது. எடுக்க முடியலை. அவ கூடவேதான் புதைச்சோம்.”

எருவைக் கடகத்துக்குள் கையால் அழுத்திவிட்டாள்.

“யாராவது ஒருத்தர் சொல்லணும்லா” என்றாள். “அந்த அம்மா சொன்னா.”

சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு எருக்கடகத்தின் பக்கத்தில் குனிந்தாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. “ஒரு கை பிடிங்க ஐயா” என்றாள்.

பிடித்துத் தூக்கிவிட்டேன்.